மணாலி–லே சாலையில் தனியாக சைக்கிளில் போகிறவர்களுக்கு

ஜூன் பிறந்துவிட்டால் என் கிளினிக்குக்கு சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். "மணாலியிலிருந்து லே வரைக்கும் தனியா போறேன் டாக்டர், ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும்." கையில் சாமான் பட்டியல் இருக்கும். மாற்று ஸ்போக், பஞ்சர் கிட், ஒற்றை ஆள் டென்ட், கடுங்குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக், சின்ன கேஸ் அடுப்பு. பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "நடுவில் எத்தனை நாள் சும்மா உட்காரப் போகிறீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது.

"கோத்தகிரி, ஊட்டி எல்லாம் மூச்சு வாங்காம ஏறிடுவேன் டாக்டர்" என்பார்கள். ஏறுவார்கள்தான். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இமயமலையில் போகும் மணாலி–லே சாலையில் தொடர்ந்து சில இரவுகள் 4,200 மீட்டருக்கு மேல் படுக்க வேண்டும். டங்லாங் லா கணவாய் ஏறத்தாழ 5,300 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதற்கு இங்கே உட்கார்ந்துகொண்டு பயிற்சி எடுக்க வழியே இல்லை. உடல் வலுவும் காப்பாற்றாது. சொல்லப்போனால் வலுவான ஆளுக்குத்தான் ஆபத்து கூடுதல். கால் சொன்னபடி கேட்பதால், உடம்பு பழகுவதற்குள் அவர் மேலே போய்விடுகிறார்.

உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோயின் முதல் அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல். மேலே போன உடனே வராது. ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அநேகமாக இரவில், டென்ட்டுக்குள் படுத்திருக்கும்போது வரும். பகல் முழுக்க மிதித்தவருக்கு இது வெயில் தலைவலி மாதிரியும், சரியாகச் சாப்பிடாததால் வந்த அசதி மாதிரியும்தான் தோன்றும். இந்த நிலையில் இன்னும் மேலே போனால் மூளை வீங்கலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை.

கூட ஒரு ஆள் இருந்தால், "என்னப்பா, குடிச்ச மாதிரி நடக்குற?" என்று கேட்டுவிடுவார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் கிடையாது. தான் தடுமாறுகிறோமா என்று தீர்மானிக்க வேண்டிய மூளையேதான் பாதிக்கப்பட்டிருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர், அந்தச் சாலையின் நடுவழித் தங்குமிடமான சர்ச்சுவில் காலையில் டென்ட்டின் ஜிப்பைத் திறக்கவே நெடுநேரம் போராடியிருக்கிறார். குளிரில் விரல் மரத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாராம். சைக்கிளில் பைகளை மாட்டும்போது இடது பையை வலது பக்கம் மாட்டி, கழற்றி, மறுபடி அங்கேயே மாட்டியிருக்கிறார். பக்கத்து தாபாக்காரர் இதைக் கவனித்து, ஒரு லாரியை நிறுத்தி, கீழே அனுப்பி வைத்தார். "நான் போகமாட்டேன்னு சண்டை வேற போட்டேன் டாக்டர்" என்றார்.

'கீழே' என்பதும் அந்த ஊரில் சுலபமான சொல் இல்லை. தலைவலி முற்றினால் கீழே இறங்கு என்று எந்த மருத்துவரும் சொல்வார். சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். தெற்கே போனால் சுமார் 4,890 மீட்டரில் பாரலாச்சா லா. வடக்கே போனால் காட்டா வளைவுகள் இருபத்தொன்றையும் ஏறி, அப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் இறங்குவதென்றாலும் முதலில் ஏற வேண்டும். லாச்சுலுங் லாவைத் தாண்டி வரும் பாங் என்ற தங்குமிடத்திலும் இதே கதைதான். அதனால் முடிவு பாரலாச்சா லாவுக்கு இந்தப் பக்கமே, அதாவது மணாலிப் பக்கமே, எடுக்க வேண்டியது. அந்தக் கணவாய்க்கு முன்னால் வரும் ஜிஸ்பாவிலோ ஜிங்ஜிங்பாரிலோ காலையில் தலைவலி இருந்தால் அன்று சைக்கிளைத் தொடாதீர்கள். கூடினால் திரும்பிவிடுங்கள்.

3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் முழு ஓய்வு. ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அங்கிருந்து ஒரே மூச்சில் சர்ச்சு போனால் கூடுவது ஆயிரம் மீட்டருக்கு மேல். காரில் போகிறவர்கள் அப்படித்தான் போய் அவதிப்படுகிறார்கள். சைக்கிளில் போகும் உங்களுக்கு மெதுவாகப் போகும் வசதி இருக்கிறது. கேலாங்கில் இரண்டு இரவு, ஜிஸ்பா, தார்ச்சா, பட்சியோ, ஜிங்ஜிங்பார் என்று படிப்படியாகப் படுத்தால் சர்ச்சு போகும்போது உடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

தினமும் காலையில் ஒரு சோதனை செய்யுங்கள். சமமான தரையில் நேர்கோடு ஒன்று போட்டு, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி பத்தடி நடந்து திரும்புங்கள். ஊரிலேயே செய்து பார்த்துக்கொண்டால்தான் வித்தியாசம் தெரியும். கோட்டை விட்டுச் சாய்ந்தால் அது அசதி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே உதவி கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல் என்றாலும் அப்படியே. இரவானாலும் இறங்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு சற்று நின்று, திடீரென்று இழுத்து எழுப்புவது மட்டும் அந்த உயரத்தில் சாதாரணம். அதற்குப் பயந்து தூக்க மாத்திரை போடாதீர்கள்.

உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போட்டாயிற்று என்று ஓய்வு நாளை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதித் தரவே எனக்கு மனம் வருவதில்லை. சிலர் சொல்வதுபோல் கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் அதிகமாகிவிடாது. யாராவது வாயில் போடச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம், வலிப்பு வரும்.

கேஸ் அடுப்பை டென்ட்டுக்குள் பற்றவைக்காதீர்கள், எவ்வளவு குளிரானாலும். கார்பன் மோனாக்சைடு விஷமும் தலைவலி, குமட்டல், மயக்கம் என்றுதான் காட்டும். உயர நோய் என்று நினைத்துக்கொண்டு உள்ளேயே படுத்துவிடுவீர்கள்.

ஜிஸ்பா தாண்டிவிட்டால் போன் வேலை செய்யும் என்று நம்பிப் போக முடியாது. அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ளப் போவது தாபாக்காரரும் லாரி டிரைவரும்தான். இந்தி தெரிந்த யாரிடமாவது சொல்லி ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: "நான் தனியாக வந்திருக்கிறேன். காலையில் எட்டு மணிக்குள் டென்ட்டை விட்டு வராவிட்டாலோ, தள்ளாடி நடந்தாலோ, உளறினாலோ, நான் வேண்டாம் என்றாலும் என்னைக் கீழே அனுப்பிவிடுங்கள்." கீழே ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், வீட்டு போன் எண். இரவு தங்கும் இடத்தில் இதைத் தாபாக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் படுங்கள்.