சீனக் குச்சி எண்கள்: பெயரை நம்பாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்

பழைய சீனக் கணக்கர்கள் மூங்கில் குச்சிகளைப் பரப்பி வைத்தே கூட்டினார்கள், பெருக்கினார்கள், வர்க்கமூலமும் கண்டார்கள். ஐந்து வரை எண்ணுக்கு எத்தனையோ அத்தனை குச்சி. ஆறு முதல் ஒன்பது வரை, ஐந்துக்கு ஈடாக ஒரு குச்சியை மேலே குறுக்கே வைத்து மிச்சத்தைக் கீழே அடுக்குவார்கள். இடமதிப்பு நம்முடையதைப் போலவே பத்தின் மடங்கு. பூஜ்யத்துக்கு மட்டும் குறி கிடையாது, அந்த இடத்தைக் காலியாக விடுவார்கள்.

காலி இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் ஒன்றின் இடத்தில் குச்சிகள் நிற்கும், பத்தில் படுக்கும், நூறில் மறுபடி நிற்கும். சுன்ஸியின் கணித நூல் இதை விதியாகவே சொல்கிறது. 2307-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் இரண்டு குச்சிகள் படுத்திருக்கும். நூறில் மூன்று நிற்கும். பத்தின் இடம் காலி. ஒன்றின் இடத்தில், குறுக்கே ஒரு குச்சியும் அதன்கீழ் நிற்கும் இரண்டுமாக ஏழு. நிற்கும் குச்சிகளை அடுத்து நிற்கும் குச்சிகளே வருவதால், நடுவே ஓரிடம் விட்டுப்போனது பார்த்தவுடன் தெரிந்துவிடும். என்ன அருமையான உத்தி!

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரம் யூனிகோட். 2006-இல் வந்த அதன் 5.0 பதிப்பு இந்தக் குச்சி எண்களுக்கு 18 குறியெண்களை ஒதுக்கியது: படுக்கை வடிவில் ஒன்பது, நிற்கும் வடிவில் ஒன்பது. சிக்கல் பெயரில்தான். படுத்தவற்றுக்கு 'ஒன்றின் இலக்கம்', நின்றவற்றுக்குப் 'பத்தின் இலக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுன்ஸி விதிக்கு இது நேர் எதிர். சீனாவின் சோங் அரச மரபுக் கால வழக்கைப் பின்பற்றியதாக யூனிகோட் ஆவணமே சொல்கிறது. ஆகவே அதற்கு முந்தைய ஹான் அரச மரபுக் கால முறையில், அதாவது சுன்ஸி விதிப்படி, எழுத விரும்புகிறவர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், எல்லாக் குச்சிகளும் திசை மாறிவிடும்.

பூஜ்யத்துக்கு ஸ்பேஸ் தட்டுவது ஆபத்து. இணையப் பக்கத்தில் அடுத்தடுத்த ஸ்பேஸ்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். 1247-இல் சின் ஜியுஷாவ் எழுதிய கணித நூலில் உள்ள வட்டப் பூஜ்யத்தைப் போடுவதே நல்லது. சீன எழுத்துகளோடு அதுவும் யூனிகோடில் இருக்கிறது. எதிர்ம எண்ணுக்கு, இலக்கத்தின்மேல் விழும் சாய்கோட்டுக் குறியைச் சேர்க்க வேண்டும்.

இந்தக் குறிகள் யூனிகோடின் முதல் 65,536 இடங்களுக்கு வெளியே, 119648-இல் தொடங்குகின்றன. நம் முந்திரி (1/320) போன்ற பின்னக் குறிகளும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. யூனிகோட் எண்களைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட் போதும், இவற்றுக்கு 4 வேண்டும். 3 பைட்டோடு நிற்கும் பழைய டேட்டாபேஸில் இவற்றைச் சேமிக்க முடியாது. எழுத்துருவில் வடிவம் இல்லையென்றால் திரையில் வெறும் கட்டம்தான் தெரியும்.

தமிழ் எண்ணான ௧௨-ஐ பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கொடுத்தால் 12 என்று புரிந்துகொள்ளும். குச்சி எண்ணைக் கொடுத்தால் பிழை காட்டும், ஏனென்றால் யூனிகோட் இவற்றைத் தசம இலக்கங்களாக வகைப்படுத்தவில்லை. நிற்கும் மூன்றின் மதிப்பு 30 என்றே அதில் பதிவாகியிருக்கிறது. அது நூறின் இடத்திலும் வரலாம் என்பதால், அந்த மதிப்புகளை அப்படியே கூட்டினாலும் கணக்கு தப்பும். ஒவ்வொரு குறியையும் 1 முதல் 9 வரையான இலக்கமாக மாற்றி, இடத்தைப் பார்த்துப் பெருக்கும் சிறு நிரலை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.