குண்டு எழுத்துக்கு ஆறு பாயின்ட்டில் என்ன வேலை?

தரை துடைக்கும் திரவம் ஒன்றின் லேபிள் மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது. ‘கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவவும்’ என்ற வரி ஆறு பாயின்ட் என்கிற பொடி அளவில், முனை உருண்ட தடித்த எழுத்தில். ‘ண்ண’ வரும் இடமெல்லாம் மை அப்பிக் கிடக்கிறது. மேல் சுழி அடைத்துப்போனதால் ‘ணீ’ எது, ‘ணி’ எது என்றே தெரியவில்லை. கொண்டுவந்தவர் கேட்கிறார்: “பாலூ தம்பி எழுத்துருவுல, இருக்கறதுலயே தடிச்ச எக்ஸ்ட்ரா போல்ட்லதானே சார் போட்டிருக்கோம்? பளிச்சுனு தெரியுமே!”

தெரியாது. தடிமன் ஏற ஏறத் தெளிவு ஏறும் என்பது நம் தொழிலில் ஒழியவே மாட்டேன் என்கிற நம்பிக்கை. தமிழ் எழுத்தை நாம் அடையாளம் காண்பதே அதற்குள் இருக்கும் வெள்ளையை வைத்துத்தான். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுழிக்குள் இருக்கும் இடம்தான் வெள்ளை. கோடு தடித்தால் அது உள்ளேயும்தான் தடிக்கும். சுழி குண்டூசித் துளையாகும். அச்சில் மை இன்னும் கொஞ்சம் பரவும், துளையும் போய்விடும். புள்ளியும் அப்படித்தான், பெரிதாகிக் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்கிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது.

எழுத்துருவைக் குறை சொல்லவில்லை. எழுத்துரு வடிவமைக்கும் மும்பை ஏக் டைப் குழுவின் பாலூ குடும்பத்தில் தமிழுக்கு வந்தவர்தான் தம்பி. இலவசம், திறந்த உரிமம், பெயர்ப்பலகைக்கும் தலைப்புக்கும் அருமை. 1979இல் ஃபோக்ஸ்வாகனுக்காகச் செய்த வாக் ரவுண்டட் எழுத்துருவையும் பாருங்கள். டீலர் பலகையில் நான்கைந்து சொல். பின்னாளில் ஆப்பிள் விசைப்பலகையில் விசைக்கு ஓர் எழுத்து. இவ்வகை எழுத்து பெரிதாக, கொஞ்சமாக நிற்கும்போதுதான் அழகு. பத்தி ஓட்டினால் மூச்சு முட்டும்.

தம்பியின் இரண்டாம் பதிப்பில் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்ட் வரை ஐந்து தடிமன் உண்டு. மெனுவில் கடைசியில் இருப்பதையே ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்? சின்ன எழுத்துக்கு ரெகுலர் போடுங்கள், அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்குப் போய்விடுங்கள். (கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து என்றால் கதை வேறு, மை கோட்டுக்குள் வழியும், ரெகுலருக்கு அடுத்த தடிமனான மீடியம் தேவைப்படலாம்.) ஏற்கெனவே தடித்த எழுத்துக்கு மேல் அதே நிறத்தில் அவுட்லைன் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இடம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கவும் வேண்டாம். உருண்டை முனை கோணிக்கொள்ளும். ப்ரூஃபை, அதாவது சரிபார்க்கும் மாதிரிப் பிரதியை, அச்சாகும் அளவிலேயே எடுத்து, டிசைனைப் பார்க்காத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எச்சரிக்கை வரியில் அவர் தடுக்கினால் அச்சுக்கான பிளேட் போடாதீர்கள்.

முதலாளிகளே, தயவுசெய்து, அந்த வரிக்கு இன்னும் இரண்டு பாயின்ட் கொடுங்கள். இடம் இல்லையா? முன்பக்கம் ‘புதிய நறுமணம்’ என்று மின்னுகிற நட்சத்திரத்தைச் சற்றுச் சுருக்கினால் போதும்.