மஜ்ஜை மாற்றுக்குப் பின் குடல் தொற்று: காப்பீட்டு ஒப்புதல் எங்கே சிக்கும்?

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒப்புதல் கிடைத்ததும் அலைச்சல் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பல திட்டங்களில் அந்தச் சிகிச்சைக்கான தொகுப்புக்கு (பேக்கேஜ்) நாள் கணக்கு உண்டு. அது முடிந்த பிறகு வரும் வைரஸ் தொற்றுக்குப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

ஒரு அம்மாவின் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்ததைப் பார்த்தேன். நோய் என்ற கட்டத்தில் 'வயிற்றுப்போக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. வைரஸின் பெயர், மாற்று சிகிச்சை நடந்த தேதி இரண்டையும் மருத்துவர் எழுதியே ஆக வேண்டும். மகன் படுக்கையில் வாடிக்கொண்டிருக்க, இதை அந்த அம்மாவிடம் முதல் நாளே யாரும் சொல்லவில்லை.

சைட்டோமெகலோ வைரஸ் (CMV, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தாக்கும் வைரஸ்) என்றால் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பார்கள். குடலில் நோய் இருந்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போகலாம். எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுவின் பயாப்ஸிதான் ஆதாரம். கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கும் நோயும் (GVHD) இதே மாதிரிதான் தெரியும். அதற்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் வைரஸ் இன்னும் பரவும். ஆகவே பயாப்ஸியைத் 'தேவையற்ற பரிசோதனை' என்று தள்ளினால் விடாதீர்கள்.

அப்புறம் மருந்து. சைட்டோமெகலோ வைரஸுக்குத் தரும் கான்சிக்ளோவிர் பொதுவாக இரண்டு, மூன்று வாரம் போக வேண்டும். ஐந்து நாளுக்கு மட்டும் ஒப்புதல் வந்தால், மூன்றாம் நாளே நீட்டிப்புக்கு எழுதுங்கள். ரத்த அணுக்கள் குறைந்து மருந்தை மாற்றினால், அந்த அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். அதே வைரஸுக்கான லெட்டர்மோவிருக்கு 2017இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி தடுப்புக்குத்தான்; சிகிச்சை என்று எழுதிக் கேட்டால் மறுப்பார்கள். 2021இல் அங்கே அனுமதி பெற்ற மாரிபாவிர், இந்த வைரஸுக்கான மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்கு. அவை பலிக்கவில்லை என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும்.

குடலைத் தாக்கும் இன்னொரு வைரஸான அடினோவைரஸுக்குத் தரும் சிடோஃபோவிர் கண் நோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. 'பட்டியலில் இல்லை' என்பார்கள். சிகிச்சை வழிகாட்டியின் நகலை இணையுங்கள். நோரோவைரஸுக்குத் தனி மருந்தே இல்லை. 'அப்புறம் எதற்கு அட்மிஷன்?' என்று கேட்பார்கள். நரம்பு வழி திரவம், உப்புச்சத்து, ஊட்டம், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைத்துக் கண்காணிப்பது, இவைதான் அங்கே சிகிச்சை. இதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

வாயால் சொல்லும் மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. காரணமும் தேதியும் போட்டு எழுத்தில் வாங்குங்கள். நோயாளி தளர்ந்துகொண்டிருந்தால் அவசர ஒப்புதல் கேட்டு மருத்துவரையே பேசச் சொல்லுங்கள்.