சென்னையை முந்திக்கொண்ட இலங்கை மலை

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் பலர் முதலில் பார்த்தது அதையல்ல. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை. அதுவும் கலரில்!

எல்லாம் உயரம் செய்த வேலை. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. அதனால் கோபுர உச்சிக்குத் தெரியும் அடிவானத்தைச் சற்றுத் தாண்டும் வரைதான் அலை தெளிவாக எட்டும். கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். 150 மீட்டர் கோபுரத்துக்கு 50 கிலோமீட்டர். இதை 100 ஆக்க வேண்டுமென்றால் கோபுரம் நான்கு மடங்கு உயர வேண்டும். யார் கட்டுவது?

அதற்குத்தான் மலை. தூர்தர்ஷன் கொடைக்கானலில் ஏறியது. 2,000 மீட்டர் உயரம் என்றாலே 180 கிலோமீட்டருக்கு மேல். மலையே இல்லாத ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் கட்டியும் கணக்கு 74ஐத் தாண்டாது.

ரூபவாஹினிக்கு இலங்கையின் மிக உயர்ந்த மலை கிடைத்தது: பிதுருதலாகல, 2,524 மீட்டர். எட்டும் தூரம் சுமார் 206 கிலோமீட்டர். ஆனால் அங்கிருந்து ராமேஸ்வரம் 300, தூத்துக்குடி 350 கிலோமீட்டர். மீதித் தூரம் எப்படி? மொட்டை மாடியில் ஆன்டெனாவுக்கு 15 மீட்டர் குழாய் நட்டாலும் கூடுவது 16 கிலோமீட்டர்தான்.

கைகொடுத்தது கடல். கடலை ஒட்டிக் குளிர்ந்த, ஈரமான காற்று. அதன் மேல் சூடான, உலர்ந்த காற்று. இப்படி அடுக்கு அமையும்போது அலை மேலே தப்பாமல் வளைந்து, குழாய்க்குள் நீர் போல நெடுந்தூரம் ஓடும். காற்று பலமாக வீசி அடுக்கைக் கலைத்தால் திரையில் புள்ளிதான். ஒரு நாள் கண்ணாடி மாதிரி தெரிந்த படம் மறுநாள் காணாமல் போனதற்குப் பாவம், டிவி பெட்டி அடி வாங்கியது!

மீன் முள் போன்ற அந்த ஆன்டெனா, தன் முகம் பார்க்கும் திசையிலிருந்து வருவதைத்தான் நன்றாக வாங்கும். தூத்துக்குடியிலிருந்து பிதுருதலாகல தென்கிழக்கே, கொடைக்கானலோ வடமேற்கே. கிட்டத்தட்ட நேர் எதிர். அப்புறமென்ன, சேனல் மாற்ற ஒருவர் மாடியேறிக் கம்பத்தைத் திருப்ப வேண்டும், கீழே இன்னொருவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்த வேண்டும்.