சுவரைத் துளைக்காமல் ஆன்டெனா கேபிளை உள்ளே கொண்டுவருவது எப்படி?

சென்னையில் வாடகை அடுக்ககத்தில் இருக்கும் ஒரு ஹாமுக்கு (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவருக்கு) மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட அனுமதி கிடைப்பதே பெரிய விஷயம். அது கிடைத்தாலும் கேபிள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். ஆன்டெனாவுக்கு இழுக்கும் தடித்த ரகமான ஆர்.ஜி. 213 கேபிளின் தடிமன் 10 மி.மீ. முனையிலுள்ள கனெக்டரோடு நுழைக்க 20 மி.மீ. துளையாவது வேண்டும். சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கும் வீட்டு உரிமையாளரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

பலர் செய்வது, தள்ளும் ஜன்னலைத் திறந்து கேபிளைப் போட்டு அதன்மேல் கதவை அழுத்தி மூடிவிடுவது. இதை மட்டும் செய்யாதீர்கள். கோஆக்சியல் கேபிள் வெறும் இரண்டு கம்பி அல்ல. நடுக்கம்பியின் விட்டம், அதைச் சூழ்ந்த வலைக்கவசத்தின் விட்டம், இடையிலுள்ள பிளாஸ்டிக் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதன் 50 ஓம் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடையை) தீர்மானிக்கின்றன. கொஞ்சம் மெல்லிய ரகமான ஆர்.ஜி. 58-இல் நடுக்கம்பி சுமார் 0.9 மி.மீ., அதன் மேலுள்ள பிளாஸ்டிக்கின் விட்டம் சுமார் 3 மி.மீ. ஓரிடத்தில் நசுக்கினால் கவசம் நடுக்கம்பியை நெருங்கும். அங்கே மட்டும் மின்மறுப்பு குறைந்து, வரும் அலையில் ஒரு பங்கு திரும்பிப் போகும். நுரை பிளாஸ்டிக் வைத்த கேபிளில் ஆபத்து இன்னும் அதிகம். வெயிலில் நுரை இளகி, நடுக்கம்பி மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, ஒருநாள் கவசத்தைத் தொட்டுவிடும்.

அப்படியானால் நசுங்காத அளவுக்கு மெல்லிய கேபிளை இடுக்கில் விட்டால் என்ன? இதுதான் நல்ல வழி. ஆர்.ஜி. 316-இன் தடிமன் 2.5 மி.மீ. உள்ளே டெஃப்லான் என்பதால் சூட்டையும் தாங்கும். அலுமினிய ஜன்னலின் ஓரத்தில் பிரஷ் போல இருக்கும் பட்டை வழியே சிரமமின்றி நுழைந்துவிடும். மெல்லிய கேபிளில் இழப்பு அதிகம் என்று பயப்படுவார்கள். மாடியிலிருந்து 30 மீட்டருக்கு இதையே இழுத்தால் அந்தப் பயம் சரி. ஜன்னலைத் தாண்ட அரை மீட்டர் போதும். அந்த நீளத்தில் 145 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 0.2 டெசிபல், 50 வாட் அனுப்பினால் 2 வாட் சொச்சம் சூடாகப் போகும். 7 மெகாஹெர்ட்ஸில் அதுவும் இல்லை. இருபுறமும் கனெக்டர் போட்டு, வெளியே தடித்த கேபிளையும் உள்ளே ரேடியோவையும் இணைத்தால் முடிந்தது.

டிஷ் ஆன்டெனாவுக்காக விற்கப்படும் தட்டையான ஜன்னல் கேபிளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது 75 ஓம். 50 ஓம் பாதையின் நடுவே 75 ஓம் துண்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது, அலைநீளத்தைப் பொறுத்தது. கேபிளுக்குள் அலை, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் போகிறது. ஆகவே 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கேபிளுக்குள் நீளம் சுமார் 28 மீட்டர். அதில் 34 செ.மீ. துண்டு எண்பதில் ஒரு பங்கு. அலை அதை உணர்வதேயில்லை, எஸ்.டபிள்யூ.ஆர். (அலை எவ்வளவு திரும்புகிறது என்பதன் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1-ஐக்கூட எட்டாது. அதே 34 செ.மீ. 145 மெகாஹெர்ட்ஸில் சரியாகக் கால் அலைநீளம். கால் அலைநீளக் கேபிள் ஒரு டிரான்ஸ்ஃபார்மராக வேலை செய்யும்: 75-இன் வர்க்கத்தை 50-ஆல் வகுத்தால் வரும் 112 ஓம்தான் ரேடியோவுக்குத் தெரியும், எஸ்.டபிள்யூ.ஆர். 2.25. மூன்று மடங்கு அதிர்வெண்ணான 435 மெகாஹெர்ட்ஸில் அது முக்கால் அலைநீளம், அங்கேயும் இதே கேடு. துண்டை 23 செ.மீ. ஆக்கிப் பாருங்கள்: 435-இல் அது அரை அலைநீளம். அரை அலைநீளத் துண்டு தன் மறுமுனையில் இருப்பதை அப்படியே காட்டும் என்பதால், தவறான மின்மறுப்பு இருந்தும் இல்லாதது போலாகிவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் அந்தக் கேபிளின் மெல்லிய தகட்டை நம்பி 100 வாட் அனுப்ப மாட்டேன்.

ஜன்னலைத் திறக்கவே முடியாவிட்டால் கண்ணாடி வழியாகவே அனுப்பலாம். பழைய கார்ஃபோன்களின் ஆன்டெனா பின்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்ததும் இந்தத் தத்துவத்தில்தான். கண்ணாடிக்கு இருபுறமும் தகடு ஒட்டினால் அது ஒரு கெபாசிட்டர். 5 மி.மீ. கண்ணாடி, 10 செ.மீ. சதுரத் தகடுகள் என்றால் சுமார் 115 பிகோஃபாரட் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இது சுமார் 10 ஓம் தடை, கடந்துவிடலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கோ 200 ஓம். கேபிளில் இரண்டு கடத்திகள் இருப்பதால் இரண்டு ஜோடித் தகடு வேண்டும், தடையும் இரட்டிப்பாகும். அதைச் சுருள் போட்டு ஈடுகட்டலாம், ஆனால் அலைவரிசை மாறும்போதெல்லாம் சுருளையும் மாற்ற வேண்டியிருக்கும். வெயிலுக்காக உலோகப் பூச்சு கொண்ட ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் இந்த முயற்சியே வேண்டாம்.

பல கேபிள்கள் வர வேண்டுமென்றால் ஜன்னல் பலகை சிறந்தது. ஜன்னல் திறப்பின் உயரத்துக்கு நாலு அங்குல அகலத்தில் அக்ரிலிக் பலகை வெட்டி, அதில் இருபக்கமும் சொருகக்கூடிய பேரல் கனெக்டர்களைப் பொருத்தி, ஜன்னல் கதவை அதன்மேல் தள்ளி மூடுவது. துளைகள் உங்கள் பலகையில். வீடு மாறும்போது பலகையும் கூடவே வரும். ஸ்பிளிட் ஏசியின் செப்புக் குழாய்க்காக ஏற்கெனவே போட்ட ஓட்டையில் இடம் மிச்சமிருந்தால், அதுவும் நல்ல வழியே.

வழி எதுவானாலும் ஜன்னலருகே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் 25 மைக்ரான் ஆழத்திலேயே பெருமளவு தேய்ந்துவிடும். ஆகவே கவசத்தின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு தனிக் கம்பிகள் போலாகின்றன. உட்பக்கத்தில் நம் சமிக்ஞை. வெளிப்பக்கத்தில், வீட்டின் எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் கக்கும் இரைச்சல் ஏறி ஆன்டெனா வரை போய், அங்கிருந்து உள்ளே நுழைந்து ரேடியோவுக்கே திரும்பி வரும். ஒரு முனையில் மட்டும் கேபிளை இணைக்கும் கம்பி ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். வெளிப்பக்க ஓட்டத்தை மட்டும் அடைக்க, ஃபெரைட் எனும் காந்தப் பொருளாலான வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வைக்க வேண்டும். இதைச் செய்தபின் காதில் விழும் அமைதியைக் கேட்டால், ஆன்டெனாவையே மாற்றியது போலிருக்கும்.

மழைநீருக்குத் தீர்வு எளிது. நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு சாண் கேபிளைத் தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே கொண்டுவாருங்கள். கேபிளைப் பிடித்து வரும் நீர் அந்த அடிவளைவிலேயே சொட்டிவிடும்.

மின்னல் வேறு கதை. வாயு நிரப்பிய அரெஸ்டரை (மிகை மின்னழுத்தத்தைப் பூமிக்கு இறக்கும் கருவியை) பலகையின் வெளிப்புறத்தில் வைத்து, குறுகிய தடித்த கம்பியால் வீட்டின் எர்த்தோடு இணைந்த பூமித் தொடர்பில் சேர்க்க வேண்டும். நேரடி இடியை அது தடுக்காது. அருகில் விழும் மின்னல் கேபிளில் தூண்டும் மின்னழுத்தத்தைத்தான் இறக்கும். சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் ரேடியோவை அணைத்தால் மட்டும் போதாது. கேபிளைக் கழற்றி, முனையை மேசையில் போட்டு வைக்காமல் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். சுவர்த் துளை வழியே வந்த கேபிளில் இது நடக்காது. பலகை வைத்தவருக்கு அரை நிமிட வேலை. வானம் கறுக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். இடிச்சத்தம் காதில் விழுகிறது என்றால் மின்னல் ஏற்கெனவே 15 கி.மீ.க்குள் வந்துவிட்டது; அதன் பிறகு கனெக்டரில் கை வைக்காதீர்கள்.