ஒட்டகச்சிவிங்கியின் பிரஷர் 200

"ஒட்டகச்சிவிங்கி ஒட்டகச் சாதியா, மான் சாதியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டும் இல்லை. ஒட்டகம் போன்ற உருவம், சிவிங்கியைப் போன்ற புள்ளி என்று பார்த்த மாத்திரத்தில் வைத்த பெயர் அது. அதன் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருக்கும் ஒரே உறவு ஒகாப்பி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் இதூரி மழைக்காட்டில் தனியாகத் திரியும் பிராணி. தோள் உயரம் ஒன்றரை மீட்டர், தொடையில் வரிக்குதிரைக் கோடுகள். அந்தக் கோடு போட்ட தோல் துண்டுகளை மட்டும் வைத்து 1901இல் அதைக் குதிரை இனத்தில் சேர்த்தார்கள். மண்டையோடு வந்து சேர்ந்ததும் குட்டு வெளிப்பட்டது. தோல் போர்த்திய கொம்பும், இரண்டாகப் பிளந்த கீழ்க் கோரைப்பல்லும் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தின் முத்திரை.

கழுத்தெலும்பு இரண்டுக்கும் ஏழுதான், நமக்கும் ஏழுதான். ஒட்டகச்சிவிங்கியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய கால் மீட்டர் நீளத்துக்கு இழுபட்டிருக்கிறது, அவ்வளவே. எலும்பு நீள்வது பெரிய வித்தையில்லை. அத்தனை உயரத்துக்கு ரத்தம் ஏற்றுவதுதான் வித்தை.

கணக்குப் போடுவோம். இதயத்திலிருந்து மூளை ஏறக்குறைய 2 மீட்டர் மேலே. ரத்தத்தின் அடர்த்தி 1.06, பாதரசத்துக்கு 13.6. ஆக 2000 மி.மீ. ரத்தத் தூணைத் தாங்கவே 156 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிவிடும். மூளைக்குப் போய்ச் சேரவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அதனால் இதயத்தருகே சராசரி அழுத்தம் 200ஐ ஒட்டி நிற்கிறது. நமக்கு அது 90, 100.

இதற்காக அதன் இதயம் பூதாகரமானது என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. உடல் எடையில் அரை சதவீதம்தான், மற்ற பாலூட்டிகளைப் போலவே. சூட்சுமம் இடது கீழறையில் இருக்கிறது. சுவர் தடிமன், உள்ளறை சிறிது. பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும், விரிய விரியச் சுவரில் இழுவிசை கூடும். அறையின் ஆரத்தைக் குறைத்து, சுவரைத் தடிப்பாக்கினால் அதே அழுத்தத்தைத் தசை நோகாமல் தாங்கும். இதற்கு விலையும் உண்டு: ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவு. குட்டியின் கழுத்து வளர வளரச் சுவரும் தடிக்கிறது.

தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மூளையில் ரத்தம் பீறிடாதா? மூளைக்கடியில் இருக்கும் தமனிப் பின்னல்தான் காப்பாற்றுகிறது என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. அந்தப் பின்னல் ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து, தலையை ஏற்றி இறக்கி அளந்தபோது வேறொன்று தெரிந்தது. தலை தாழும்போது கழுத்துச் சிரையில் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் வரத்து குறைந்து, அழுத்தம் தானாக இறங்குகிறது. தலை நிமிர்ந்ததும் தேங்கியது மொத்தமும் இதயத்துக்குள் இறங்கி, அடுத்த துடிப்புகளுக்கு வலுவூட்டுகிறது. கழுத்துதான் அதன் மேல்நிலைத் தொட்டி! அழுத்தம் இன்னும் கூடுதலாக விழும் கால்களிலோ தோல் விறைப்பாக இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெரிகோஸ் நோயாளிக்கு டாக்டர் மாட்டிவிடும் காலுறையைப் போல.

ஆனால் 200 பிரஷரில் நமக்குச் சிறுநீரகமும் இதயமும் தழும்பேறிப் போகும். அதற்கு ஏன் போகவில்லை? ஒகாப்பி உதவிக்கு வந்தது இங்கேதான். இரண்டின் மரபணுத் தொகுதிகளையும் 2016இல் ஒப்பிட்டார்கள். எலும்பு, இதய வளர்ச்சியில் பங்குள்ள எஃப்ஜிஎஃப்ஆர்எல்1 என்ற மரபணுவில், ஒகாப்பியில் இல்லாத ஏழு மாற்றங்கள் ஒட்டகச்சிவிங்கியில் இருந்தன. குட்டைக் கழுத்துச் சொந்தம் ஒன்று உயிரோடு இல்லாவிட்டால் எது கழுத்துக்கான மாற்றம், எது குடும்பச் சொத்து என்று பிரித்திருக்கவே முடியாது. ஒகாப்பி அழியும் ஆபத்தில் இருக்கிறது. இதூரிக் காட்டின் எபுலு காப்பு நிலையத்தில் 2012இல் ஆயுதக் கும்பல் புகுந்து ஆறு பேரையும் 14 ஒகாப்பிகளையும் கொன்றது. அந்தக் காட்டின் காவலருக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் ஆராய்ச்சிச் செலவில்தான் எழுத வேண்டும் என்பேன்.

2021இல் அந்த ஏழு மாற்றங்களையும் எலிகளில் புகுத்திப் பார்த்தார்கள். அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனைச் செலுத்தியதும் சாதாரண எலிகளுக்கு பிரஷர் எகிறி, இதயமும் சிறுநீரகமும் கெட்டன. மாற்றம் பெற்ற எலிகள் அசரவில்லை. அவற்றின் எலும்பும் அடர்த்தியாயிற்று. கழுத்து மட்டும் நீளவில்லை.