அலுமாரியில் கிடக்கும் பழைய ஸ்லைட் போனைச் சார்ஜில் போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா, கரிந்த தலையணை உறையில் சுற்றிய போன் ஒன்றை என் பழுதுபார்க்கும் மேசையில் வைத்தார். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து முழு விசைப்பலகை வெளிப்படும் மோட்டோரோலா மைல்ஸ்டோன் அது. 2010ஆம் ஆண்டு மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. கணவரின் ஆண்டுத் திவசத்துக்கு நினைவுமலர் அச்சிட நல்ல படம் தேவைப்பட்டபோது, அவருடைய படங்கள் இந்தப் போனில்தான் இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்து, லாச்சியின் அடியிலிருந்து எடுத்துக் கட்டில் தலைமாட்டில் இரவு முழுவதும் சார்ஜில் விட்டிருக்கிறார். விடியற்காலையில் புகை எழுந்தது. பேரப்பிள்ளை விழித்துக்கொண்டதால் கட்டிலோடு போயிற்று.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. “ஒரு இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுப் பாருங்கோ, உயிர் வரும்” என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

2009 நவம்பரில் இந்தப் போன் அமெரிக்காவில் டிரொய்ட் என்ற பெயரிலும், பின்னர் பிற நாடுகளில் மைல்ஸ்டோன் என்ற பெயரிலும் வந்தபோது, அதன் தடிப்பு 13.7 மில்லிமீற்றர்தான். 3.7 அங்குலத் திரையையும் முழு விசைப்பலகையையும் அந்த அளவுக்குள் அடக்கியது அன்று பெரிய வேலை. அந்தக் காலத்தில் கொழும்பில் பலர் இத்தகைய போன்களை ஆசையோடு வாங்கினார்கள். பழுதான பின்னும் வீச மனம் வராமல் எடுத்து வைத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் அயன் பற்றரி வைத்த இடத்தில் வைத்தபடி இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும்போது அதன் மின்னழுத்தம் தானாகவே இறங்கிக்கொண்டு போகும். மிகவும் தாழ்ந்துவிட்டால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் படிந்து, பற்றரிக்குள்ளேயே குறுக்குச்சுற்று (ஷோர்ட்) உண்டாகித் தீப்பிடிக்கலாம். கொழும்பின் வெக்கை இந்தச் சிதைவை இன்னும் விரைவுபடுத்தும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் படங்களை வெளியே எடுப்பதற்குப் போன் உயிர்பெற வேண்டியதில்லை. மைல்ஸ்டோனின் உள் நினைவகம் 512 மெகாபைட் மட்டுமே. அதிலும் பெரும்பகுதி இயங்குதளத்துக்கே போய்விடும். எனவே நீங்கள் எடுத்த படங்கள் பின்மூடிக்கு உள்ளே இருக்கும் மெமரி கார்டில்தான் பதிவாகின. சுண்டுவிரல் நகத்தளவு அந்தக் கார்டைக் கழற்றி, கார்ட் ரீடரில் செருகி, எந்தக் கணினியிலும் பார்க்கலாம். போன் செத்திருந்தாலும், திரை உடைந்திருந்தாலும், கடவுச்சொல் மறந்திருந்தாலும் கார்டிலுள்ள படங்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. இதை ஒவ்வொரு வாரமும் யாருக்காவது சொல்கிறேன், கேட்டுவிட்டு, “அப்ப சார்ஜ் ஏறினாத்தானே படம் வரும்?” என்று மறுபடியும் கேட்கிறார்கள். இல்லை. படத்துக்கும் சார்ஜுக்கும் தொடர்பே இல்லை. சென்ற மாதம் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார்டை ஐந்து நிமிடத்தில் திறந்து, 2011ஆம் ஆண்டு ஆடிவேல் விழாவில் அவருடைய தந்தை தேருக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் போனைச் சார்ஜில் போடாமல் கொண்டுவந்தவர். கொட்டாஞ்சேனை அம்மாவின் கார்ட் பற்றரியின் வெப்பத்தில் வளைந்துபோயிருந்தது. என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

ஸ்லைட் போன்களுக்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. திரைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று போகிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது மடிந்து விரிகிறது. காலப்போக்கில் அது அறுந்தால், போன் இயங்கிக்கொண்டிருக்கும், ஆனால் திரையில் ஒன்றும் தெரியாது. சார்ஜ் ஏறவில்லை என்று நினைத்து ஒரு மணி நேரத்தை ஓர் இரவாக்குகிறார்கள். திரை இருண்டிருந்தால் இன்னும் சார்ஜ் போதவில்லை என்று பொருளல்ல.

“ஒரிஜினல் பற்றரிதானே” என்று சொல்லாதீர்கள். ஒரிஜினலுக்கும் வயது ஏறும். புதிதாக வாங்கினாலும் கவனம் தேவை, ஏனெனில் 2009ஆம் ஆண்டுப் போனுக்கென்று இன்று பெட்டியோடு விற்கப்படுவது, அநேகமாகப் பல ஆண்டுகள் தட்டில் கிடந்ததாகவோ போலியாகவோதான் இருக்கும்.

பின்மூடி மேலெழும்பியிருந்தாலோ, போனை மேசையில் வைத்தால் ஆடினாலோ, பற்றரி வீங்கியிருக்கிறது. அதைக் கத்தியால் நெம்பாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் வைத்தியமல்ல. உலர்ந்த மணல் நிரப்பிய தகரப் பேணியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். மாநகரசபைக் குப்பை வண்டியில் தயவுசெய்து போட வேண்டாம். வண்டிக்குள் நசுங்கினால் அங்கே வேலை செய்பவர்கள்தான் காயப்படுவார்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படையுங்கள். தீப்பிடித்துவிட்டால் பிள்ளைகளோடு வெளியேறி 110ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சுப்புகை, அதைச் சுவாசித்துக்கொண்டு போனைக் காப்பாற்ற நிற்காதீர்கள்.

கார்டைக் கணினியில் செருகும்போது “போமட் செய்யவா?” (அதாவது, உள்ளதை அழித்துவிடவா?) என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கார்டைக் கழற்றிவிடுங்கள். பல நேரங்களில் படங்கள் உள்ளேயே இருக்கும், மீட்டுத் தரலாம்.

எல்லாப் போன்களும் இவ்வளவு எளிதானவையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2011இல் வந்த நொக்கியா ஈ7 மைல்ஸ்டோனைவிடச் சற்று மெலிதானது. ஆனால் அதில் கார்ட் போடும் இடமே இல்லை, படங்கள் முழுவதும் 16 ஜிகாபைட் உள் நினைவகத்தில்தான் இருக்கும், பற்றரியையும் கையால் கழற்ற முடியாது. மைல்ஸ்டோனிலும்கூட குறுஞ்செய்திகள் போனுக்குள்ளேயே தங்கியிருக்கும். இப்படியானவற்றை நாங்கள் பழைய பற்றரியை அகற்றிவிட்டு, மேசை மின்வழங்கியிலிருந்து அளவான மின்னழுத்தம் கொடுத்து இயக்கிப் பார்க்கிறோம். அதை வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உங்களுக்கு அருகிலுள்ள, வேலை தெரிந்த ஒருவரிடம் போனை மட்டும் கொண்டுபோங்கள். சார்ஜரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.